மொன்சிஞ்ஞோருக்கு வந்த கடிதங்கள்

லண்டன் டூட்டிங்கில் எத்தனையோ தமிழ்க் கடைகள் இருக்கின்றன. பிரான்ஸ் தேசத்து ராசா மேல்மாடியில் குடியிருக்கிற கடை என்னுடையது ஒன்றுதான். இதைச் சொன்னால் சில பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுடைய கடைகளுக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கடைக்கு மேலே பல் வைத்தியர். இன்னொரு கடைக்கு மேலே புறாக்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆறாம் வகுப்பு வாத்தியாருக்கு என்னைப் படிப்பிக்கும் பாக்கியம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். லண்டனுக்கு வந்து பெற்றோல் ஷெட்டில் நின்றேன், சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். பிறகு இந்தக் கட்டடத்தை வாங்கினேன். கீழே கடை, மேலே ஒரு சின்ன வீடு. இந்தத் தெருவில் மரவள்ளிக்கிழங்கைத் துடைத்து, மெழுகு பூசி, மாம்பழம் மாதிரி அடுக்கி வைத்த முதல் ஆள் நான். இன்று எல்லாரும் அப்படித்தான் அடுக்குகிறார்கள். ஒருவராவது வந்து நன்றி சொன்னதில்லை.

மேல்வீட்டுக்கு வாடகைக்கு ஆள் தேடியபோது வந்தவர்தான் இந்தப் பெரியவர். உயரம், மெலிவு, கிளி மூக்கு. பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டு. விரலில் ஒரு தடித்த மோதிரம். அவருடைய ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம், என்னுடையதும் உடைந்ததுதான். ஆனால் இரண்டும் உடைந்த இடங்கள் வேறு வேறு என்பதால் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்திவிட்டன. அவர் என்னை 'முசியே' என்று கூப்பிட்டார். ஐயா என்று அர்த்தமாம். வீட்டைக் கொடுத்துவிட்டேன்.

மேல்வீட்டின் வாசல் பின் ஒழுங்கைக்குள் இருக்கிறது. அங்கே குப்பைத் தொட்டிகளும் ஒரு நரியும் உண்டு. தபால்காரருக்கு நரியைப் பிடிக்காது. அதனால் மேல்வீட்டுக் கடிதங்கள் எல்லாம் கடைக்குத்தான் வரும். முதல் கடிதம் வந்த அன்று என் மனைவி கல்லாவில் இருந்தாள். அவள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் வரிசை வாங்கில் அவளுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் அவர்களுக்கு அன்று பூசை பலிக்காது, அப்படிப் பார்ப்பாள். கடித உறை தடித்த தாள், பின்னால் சிவப்பு மெழுகு முத்திரை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் எழும்பி நின்றுவிட்டாள்.

"இஞ்சருங்கோ, மேல இருக்கிறவர் ஆரெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"வாடகைக்கு இருக்கிறவர்."

"உங்களுக்கு வாடகைதான் தெரியும். மொன்சிஞ்ஞோரப்பா அவர்! கடிதத்தில வடிவாப் போட்டிருக்கு, வாசிச்சுப் பாருங்கோ."

வாசித்தேன். பேருக்கு முன்னால் அந்தச் சொல் பெரிய எழுத்தில்தான் இருந்தது. பிரெஞ்சுக்காரர் அதை மூக்கால் வேறு மாதிரிச் சொல்வார்கள், ஆனால் சொல் அதேதான். மொன்சிஞ்ஞோர் என்றால் எங்கள் கத்தோலிக்கருக்குள் சாதாரண சுவாமிக்கு மேலே, ஆயருக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற பெரிய குருவானவர். எங்கள் பக்கத்தில் ஒரு மொன்சிஞ்ஞோர் தெருவால் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்பான்.

"அப்ப ஏன் அங்கி போடேல்லை?" என்று கேட்டேன்.

"ஓய்வு பெற்றிட்டார் போல. பாவம், பிரெஞ்சுக்காரர் தங்கட சுவாமிமாரை எங்க பாக்கினம்? வயசு போன காலத்தில இஞ்ச அனுப்பிப் போட்டினம்."

அன்று வெள்ளிக்கிழமை, குருமார் இறைச்சி தொடாத நாள். நல்ல விளைமீனில் குழம்பு வைத்து, தட்டத்தில் துணி விரித்து, தலையில் முக்காடு போட்டு மேலே கொண்டு போனாள். நான் பின்னால் சோற்றுச் சட்டியோடு போனேன். கதவு திறந்ததும் என் மனிசி அப்படியே முழந்தாளில் நின்றாள். வேறு ஒருவராக இருந்தால் பதறியிருப்பார், என்ன நடந்தது, விழுந்துவிட்டீர்களா என்று கேட்டிருப்பார். இவர் பதறவில்லை. நிமிர்ந்து நின்று மோதிரக் கையை நீட்டினார். அவள் முத்தமிட்டாள். அவர் அவளுடைய தலைக்கு மேல் கையை வைத்துப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

கீழே இறங்கும்போது அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன. "லத்தீனில ஆசீர்வதிச்சவர்" என்றாள்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்த மனிதர் தன்னை ராசா என்று அறிந்தவர். எத்தனை வருடமாக லண்டனில் ஒருவரும் அவர் முன்னால் முழந்தாளிடவில்லை. கடைசியில் ஒரு பெண் மீன் குழம்போடு வந்து முழந்தாளிட்டாள். அவர் அதிசயப்படவே இல்லை. கொஞ்சம் பிந்திவிட்டார்கள் என்று மட்டும் நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு எங்கள் தேவாலயப் பங்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் மீன். மற்ற நாட்களில் இடியப்பமும் சொதியும். வடலண்டன் எட்மண்டனில் இருந்து ஓர் அக்கா இரண்டு ரயில் மாறி வருவார். அவருக்குக் கழுத்தின் இரண்டு பக்கமும் வீக்கம், கட்டி மாதிரி. அதைக் கண்டதும் பெரியவர் கதிரையை விட்டு எழும்பினார். அவருடைய முகமே மாறிவிட்டது. இரண்டு பக்கமும் விரலால் தொட்டு, மெதுவாக ஏதோ சொன்னார். அடுத்த கிழமை வீக்கம் வற்றிவிட்டது. அந்த அக்கா டொக்டர் கொடுத்த குளிசையும் போட்டவர்தான். குளிசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இப்படி மூன்று மாதம் போனது. மனிசிக்கு இன்னும் ஓர் ஆசை இருந்தது. மொன்சிஞ்ஞோர் எங்கள் வீட்டில் ஒரு பூசை வைக்க வேண்டும். அதை நேரே கேட்க வெட்கம். எங்கள் தமிழ்ப் பங்குச் சுவாமியைக் கூட்டிக்கொண்டு போனாள். சுவாமி நல்ல மனிதர், சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாதவர். மரியாதையாகப் பெரியவருக்கு எதிரே உட்கார்ந்து, ஆங்கிலத்தில் கேட்டார், தாங்கள் எந்த மறைமாவட்டத்தில் பணி செய்தீர்கள் என்று.

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "எனக்குப் பிரான்ஸ் முழுவதும்" என்றார்.

சுவாமி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "கர்தினாலா?"

"இல்லை. கர்தினால்மார் எங்களிடம் வேலை செய்தவர்கள்" என்றார் பெரியவர். "நான் ராசா."

மனிசி என்னைப் பார்த்தாள், நான் சுவாமியைப் பார்த்தேன், சுவாமி யன்னலைப் பார்த்தார். பெரியவர் மட்டும் அமைதியாக வடையைக் கடித்தார். படியில் இறங்கும்போதுதான் மனிசிக்குப் பேச்சு வந்தது.

"சுவாமி, ராசாவெண்டா பூசை வைக்க ஏலாதோ?"

"ஏலாதம்மா."

"மோதிரத்தைக் கொஞ்சினதெல்லாம்?"

சுவாமி கைலேஞ்சியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு படிக் கைப்பிடியைப் பிடித்தார். அவருடைய தோள் குலுங்கியது. "நல்ல மனசோட கொஞ்சினதுதானே. அது வீண்போகாது" என்று ஒருமாதிரிச் சொல்லி முடித்தார்.

குசினிக்குள் வந்து மனிசி அகப்பையை எறிந்தாள். "மூண்டு மாசம்! மூண்டு மாசம் விளைமீன் வாங்கிக் குடுத்தனான் ஒரு ராசாவுக்கு! முதலே தெரிஞ்சிருந்தா மலிஞ்ச சூடை மீனே காணும்."

"ராசாவெண்டாப் பெரிய ஆள்தானே" என்றேன்.

"என்ன பெரிய ஆள்? ராசாமார் எத்தினை பேர் இருந்தவை. மொன்சிஞ்ஞோர் மாதிரி வருமே? இதை ஆருக்கும் சொல்லிப் போடாதேங்கோ. பொம்பிளையள் என்னைப் பாத்துச் சிரிப்பினம்."

நான் சொல்லவில்லை. சுவாமியும் சொல்லவில்லை. ஆகவே பெண்கள் தொடர்ந்து வந்து முழந்தாளிட்டார்கள். மனிசி தொடர்ந்து மீன் கொடுத்தாள், ஆனால் சூடை. பெரியவருக்கு மீன் மாறினதும் தெரியவில்லை, நடந்தது என்னவென்றும் இன்றுவரை தெரியாது. தன்னுடைய ஆட்கள் தன்னை மொன்சேன்யர் என்கிறார்கள், இந்தப் பெண்களும் மொன்சிஞ்ஞோர் என்கிறார்கள், அதில் அவருக்கு ஒரு வித்தியாசமும் படவில்லை. முடி சூடாத ராசகுமாரனைப் பிரெஞ்சில் அப்படித்தான் அழைப்பார்களாம்.

நான் எதையும் விசாரிக்காமல் நம்புகிற ஆள் இல்லை. மனைவியின் தம்பி பாரிஸில் முப்பது வருடமாக ஓர் உணவகக் குசினியில் நிற்கிறார். அவருக்குப் போன் எடுத்தேன்.

"மச்சான், உங்க பிரான்சில ராசா இருக்கிறாரோ?"

"இல்லை அத்தான். எப்பவோ கழுத்தை வெட்டிப் போட்டாங்கள்."

"மிச்ச ஆக்கள்?"

"மிச்ச ஆக்களோ? இஞ்ச எங்கட கடைத்தெருவில ஒருத்தரையும் காணேல்லை. ஏன் அத்தான்?"

"எங்கட மேல்வீட்டில ஒருத்தர் இருக்கிறார்."

சட்டி உருளும் சத்தம் கேட்டது. பிறகு, "அத்தான், அக்காவிட்டப் போனைக் குடுங்கோ" என்றார்.

பெரியவரிடமே கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். அவருடைய பரம்பரையில் ஒரு ராசாவின் தலை போனபோது உயிர் தப்பினவர்கள் பல நாடுகளுக்கு ஓடினார்கள். இங்கிலாந்துக்கும் வந்தார்கள், கொஞ்சக் காலம் நல்ல மாளிகைகளில் இருந்தார்கள். அந்தக் கிளைகளில் ஒன்றின் கடைசிக் கொழுந்து இவர். இவருடைய கணக்குப்படி அடுத்த ராசா இவர்தான். இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டவர்கள் பிரான்சில் ஒன்பது பேர். மற்றவர்கள் இவருடைய ஒன்றுவிட்ட தம்பியைத்தான் ராசா என்கிறார்கள். அவருக்கு மலையடிவாரத்தில் கோபுரம் வைத்த வீடும் வேட்டை நாய்களும் உண்டு.

ஒன்பது பேர் என்றதும் நீங்கள் சிரிப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்ச் சங்கத்தை லண்டனில் நான் தொடங்கியபோது ஏழு பேர்தான். அதில் மூன்று பேர் தலைவர். பிறகு அது இரண்டாக உடைந்தது. உடைந்த இரண்டுக்கும் என்னையே அழைத்தார்கள், நான் மூன்றாவதைத் தொடங்கினேன். இந்த விஷயத்தில் எனக்கிருக்கிற அனுபவம் அந்தப் பிரெஞ்சுக்காரருக்கு இல்லை.

காலைத் தபால் வந்ததும் பெரியவர் கடைக்கு இறங்கி வருவார். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டிருப்பேன், அதில் இருந்து வாசிப்பார். ஒன்பது பேரும் முறை வைத்து எழுதுவார்கள். ஒருவருக்கு முட்டுவலி. ஒருவருடைய கோழியை நாய் பிடித்துவிட்டது, அதற்கும் குடியரசுதான் காரணம். எல்லாம் முடிந்து கீழே, தங்கள் பணிவுள்ள பிரஜை. எல்லாவற்றையும் எனக்கு ஆங்கிலத்தில் சொல்வார். பதிலைக் கையால்தான் எழுதுவார். ஒரு முறை ஒருவர் போனில் பெருவிரல் படம் ஒன்றை அனுப்பி விசுவாசத்தைத் தெரிவித்திருக்கிறார். பெரியவர் அதை ஏற்கவில்லை. பெருவிரலால் ராசாவுக்குச் சத்தியம் பண்ண ஏலாதாம்.

முத்திரைக்குச் சிவப்பு மெழுகு கேட்டார். கடையில் இருந்த பிறந்தநாள் மெழுகுதிரியில் சிவப்பைப் பொறுக்கிக் கொடுத்தேன். அவர் எழுதி முடித்த கடிதங்கள் தபால்காரர் வரும்வரை நெத்தலிக் கருவாட்டுப் பெட்டியின் மேல் கிடக்கும். அந்த ஒன்பது பேருக்கும் தலைவி மாதிரி ஓர் அம்மா, மருந்துக் கடை வைத்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு முறை எழுதியிருந்தார். தங்கள் கடிதத்தைத் திறந்தவுடன் தூரதேசத்து அரண்மனையின் வாசம் வீடெங்கும் பரவுகிறது, என் பூனை கூட முழந்தாளிடுகிறது என்று. பெரியவர் அதை வாசித்துப் பெருமையாகப் பார்த்தார். நான் கருவாட்டைப் பார்த்தேன்.

அவருடைய பதில் கடிதங்களில் நாங்களும் இருந்தோம். பொய் ஒன்றும் எழுதமாட்டார், தன்னுடைய சொற்களால் எழுதுவார். மனிசி அரச பாகசாலைக்குப் பொறுப்பான பிரபு குலப் பெண். கடை என்பது களஞ்சியம். பங்குப் பெண்கள் தினமும் தரிசனத்துக்கு வரும் மகளிர். ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டு, களஞ்சியத்துக்கு அதிபதியாக இருப்பவன் வெறும் முசியேயாக இருக்கக் கூடாது என்றார். முழந்தாளிடச் சொன்னார். வாள் இல்லை. மேசையில் இருந்த கத்தியை எடுத்து என் இரண்டு தோளிலும் தட்டினார்.

மனிசி உள்ளே இருந்து கத்தினாள். "அய்யோ, அது மீன் வெட்டின கத்தி! இன்னும் கழுவேல்லை!"

பரவாயில்லை. அன்று முதல் நான் டூட்டிங் கோமகன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எங்கள் ஊர் ஆட்களில் வேறு யார் இந்த இடத்துக்கு வந்தார்கள், சொல்லுங்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. பெரியவர் அதை வாசித்துவிட்டு மடியில் வைத்தார். தேத்தண்ணியை எடுக்கவில்லை. அதில் பாலாடை படர்ந்துவிட்டது. என்ன சங்கதி என்று கேட்டேன்.

மருந்துக் கடை அம்மாதான் எழுதியிருந்தார். ஒன்றுவிட்ட தம்பி எல்லாருக்கும் விருந்துக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறார். ஒன்பது பேருக்குள் ஒரு வக்கீல் இருக்கிறார், அவர் அங்கே சாய்ந்துவிட்டார். டூட்டிங்கில் அரசவை என்று ஒன்று கடிதத்தில் மட்டும்தான் இருக்கிறது, போய்ப் பார்த்தால் ஒரு கிழவரும் ஒரு கட்டிலும்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். அதனால் மூன்று பேர் நேரே பார்க்க வருகிறார்கள், வாற சனிக்கிழமைக்கு அடுத்த சனி. மனம் நிறையாவிட்டால் ஒன்பது பேரும் தம்பியிடம் போய்விடுவார்கள். பிறகு இந்தப் பக்கம் யாரும் எழுதமாட்டார்கள்.

"முசியே," என்றார் பெரியவர், "நாட்டை நான் இழக்கவில்லை. அது நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. எனக்கு இருப்பது காலைத் தபால் ஒன்றுதான்."

அவருடைய கோட்டில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் லண்டனுக்கு வந்த புதிதில் நீல விமானக் கடிதத்துக்காகப் படிக்கட்டில் குந்தியிருந்தவன். தபால் வராத காலை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

"விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

"அவர்களிடம் ஒரு பொய்யும் சொல்லக் கூடாது."

"பொய் எதற்கு? சோடனை போதும்."

கலியாணம், திருநாள், கடைத் திறப்பு என்று லண்டன் முழுவதும் நான் செய்த சோடனைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் மனிசி மசியவில்லை.

"ராசாவுக்கு நான் ஏன் சோடிக்கோணும்?"

"ராசாவை மொன்சிஞ்ஞோர் ஆக்கினது ஆர்? நீர்தானே. இப்ப சனம் வராட்டி அந்தாள் தனிச்சுப் போயிடும். பேந்து ஏன் எண்டு பொம்பிளையள் கேப்பினம். என்ன சொல்லப் போறீர்?"

அவள் கொஞ்ச நேரம் வெங்காயத்தை வெட்டினாள். பிறகு போனை எடுத்தாள். "அக்கா, வாற சனிக்கு அடுத்த சனி மொன்சிஞ்ஞோரைப் பாக்கப் பிரான்சில இருந்து பெரிய ஆக்கள் வருகினம். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. சேலையோட வாங்கோ." ஒரு சொல்லும் பொய்யில்லை. இருபது பேருக்கு இதையே சொன்னாள். கடைசிப் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "விளைமீன் வாங்குங்கோ" என்றாள். அவளும் இரக்கப்பட்டுவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆயர் வந்தால் எப்படி வரவேற்போமோ அப்படியே செய்தோம். கடை வாசலில் வாழைக்குலை, தோரணம், தரையில் வெள்ளைத் துணி. துணியில் பதாகை ஒன்று அடிப்பித்தேன். ராசா என்று போட்டால் பெண்கள் கேட்பார்கள், மொன்சிஞ்ஞோர் என்று போட்டால் சுவாமி சிரிப்பார். ஆகவே 'வருக வருக' என்று மட்டும் போட்டு, மிச்ச இடம் வெறுமையாக இருக்கக் கூடாதென்று என் படத்தைப் போட்டேன். படம் நன்றாக வந்திருந்தது.

சனிக்கிழமை மூன்று பேரும் நிலத்தடி ரயிலில் வந்து இறங்கினார்கள். மருந்துக் கடை அம்மா குள்ளமாக, நீலத் தொப்பியோடு. வக்கீல் மீசையும் தோல் பையுமாக. மூன்றாவது ஆள் மிகவும் வயதானவர், நடக்கும்போதே அரைத் தூக்கம். நான் மாலை போட்டேன். மனிசி பன்னீர்ச் செம்பால் தெளித்தாள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பதாகையைப் பார்த்தார்.

"இது யார்?" என்று என் படத்தைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார்.

"டூட்டிங் கோமகன்" என்றேன்.

"எங்கே அவர்?"

"இதோ." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் நிமிர்ந்து நின்றேன்.

கடைக்குள் வந்ததும் மருந்துக் கடை அம்மா மூக்கை உயர்த்தினார். கண்ணை மூடினார். "அதே வாசம்!" என்றார். பிரெஞ்சில்தான் சொன்னார், ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொன்னதால் விளங்கியது. வக்கீல் விடவில்லை. பையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்து மணந்தார். பிறகு அரிசி மூட்டையை மணந்தார், மிளகாய்த்தூளை மணந்து தும்மினார், கடைசியில் நெத்தலிப் பெட்டிக்கு மேல் குனிந்தார். குனிந்தவர் நிமிரக் கொஞ்ச நேரம் எடுத்தது. நிமிர்ந்தபோது மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு இருந்தது. பிடிபட்டோம் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் பெரியவர் படியால் இறங்கி வந்தார். நீலக் கோட்டு. தொங்கின பொத்தானை மனிசி தைத்துக் கொடுத்திருந்தாள். கத்தரிக்காய்ப் பெட்டிக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவில் இரண்டு வரிசையாக நின்ற பெண்கள் எல்லாரும், சேலை சரசரக்க, ஒன்றாக முழந்தாளிட்டார்கள். கோபுரம் வைத்த வீட்டில் இருக்கிற ஒன்றுவிட்ட தம்பிக்கு இப்படி ஒரு காட்சி கனவிலும் வராது. மருந்துக் கடை அம்மா தொப்பியைக் கழற்றிவிட்டு அழத் தொடங்கினார்.

வக்கீல் அழவில்லை. வக்கீல் அல்லவா? வரிசையில் கடைசியாக இருந்த எட்மண்டன் அக்காவிடம் போய்க் குனிந்தார். "அம்மா, உங்களுக்கு இவர் யார் என்று தெரியுமா?"

மனிசி சிலுவை போட்டாள். மூலையில் நின்ற சுவாமி கைலேஞ்சியை எடுத்து வாயில் வைத்தார். பெரியவர் கடைசிப் படியில் ஒரு கையைக் கைப்பிடியில் வைத்தபடி நின்றார்.

அக்கா வக்கீலை ஒரு மாதிரியாகப் பார்த்தார், இது என்ன கேள்வி என்பது போல. "ஏன் தெரியாது? இவர் எங்கட மொன்சிஞ்ஞோர்!"

சரியான சொல். ஒரு பிரஜை தன் அரசரை எந்தச் சொல்லால் அழைக்க வேண்டுமோ அதே சொல். பிரெஞ்சு தெரியாத ஒரு பெண், கேட்டவுடன், யோசிக்காமல் சொன்னது. வக்கீலின் மீசை அசைந்தது. அக்காவோ விடவில்லை. சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். "இஞ்ச கட்டி. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மொன்சிஞ்ஞோர் தொட்டவர். போயிட்டுது!"

வக்கீல் வெளிறிப்போனார். எனக்குக் காரணம் பிறகுதான் தெரியும். பழைய காலத்தில் பிரான்சு ராசாமாருக்கென்று ஒரு தனி வரம் இருந்ததாம். கழுத்துக் கட்டி உள்ளவர்கள் வரிசையில் நிற்பார்களாம், ராசா தொட்டுச் சுகப்படுத்துவாராம். தலைவலி இல்லை, வயிற்றுவலி இல்லை, குறிப்பாகக் கழுத்துக் கட்டி. உலகத்தில் இத்தனை நோய் வருத்தம் இருக்க, எட்மண்டனில் இருந்து எங்களுக்கு வந்தது அது. வக்கீல் தோல் பையைக் கீழே வைத்தார். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் முழந்தாளிட்டார். முட்டு 'டக்' என்று கேட்டது.

அந்தச் சத்தத்தில் மூன்றாவது கிழவர் விழித்துவிட்டார். ராசாவைக் கண்டதும் கையை உயர்த்தி, ராசா நீடூழி வாழ்க என்று பிரெஞ்சில் கத்தினார். பெண்கள் அதை ஏதோ பிரெஞ்சுச் செபத்தின் முடிவென்று நினைத்து ஒரே குரலில் 'ஆமென்' என்றார்கள். சுவாமி கடைக்கு வெளியே போய்விட்டார்.

வக்கீலை எழுப்ப நானும் கிழவரும் சேர்ந்து தூக்க வேண்டியதாயிற்று. பிறகு சாப்பாடு. விளைமீன் குழம்பில் வக்கீல் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். விருந்துக்குத் தம்பி வீட்டுக்குப் போவதில்லை என்று அங்கேயே முடிவாகிவிட்டது. போகும்போது மருந்துக் கடை அம்மா நெத்தலிக் கருவாடு ஒரு பெரிய பை வாங்கினார். அரண்மனை நினைவாக.

அடுத்த கிழமை தபால்காரர் ஒரு கட்டே கொண்டு வந்தார். ஒன்பது பேரும் எழுதியிருந்தார்கள். வக்கீல் ஏழு பக்கம் எழுதியிருந்தார். பெரியவர் கூடையில் இருந்து வாசித்தார், தேத்தண்ணியையும் குடித்தார். கட்டுக்குள் ஒரு கடிதம் எனக்கும் இருந்தது. மனிசிதான் முதலில் எடுத்தாள். மேல் விலாசத்தை வாசித்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இஞ்சருங்கோ. உங்களுக்கும் மொன்சிஞ்ஞோர் எண்டு போட்டிருக்கு."

பெரியவர் தலையை ஆட்டினார். கோமகன்மாரையும் பிரெஞ்சு மரபில் அப்படித்தான் அழைப்பது என்றார். எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. உறையைக் கல்லாவுக்குப் பின்னால், வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டினேன். அன்று மத்தியானம் சாப்பிடப் போனேன். ஆட்டிறைச்சிப் பிரட்டல் வாசம் வந்துகொண்டிருந்தது. மனிசி என் முன்னால் வைத்தது சூடை மீன் சொதி.

"இறைச்சி எங்க?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. மொன்சிஞ்ஞோர்மார் இறைச்சி தின்னக் கூடாது."

"அப்ப அந்தப் பிரட்டல்?"

"மேல அனுப்பிப் போட்டன். அவர் வெறும் ராசாதானே."